விண்டோஸ் அப்கிரேட்: ‘புராடக்ட் கீ செல்லாது’ என்று வருகிறதா? ஃபார்மேட் போடும் முன் இதைப் படியுங்கள்!

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலை பல குடும்பங்களில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, யூடியூப் பார்த்து, பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்து முடித்தால், திரையில் ஒரு செய்தி வந்து நிற்கிறது. ‘நீங்கள் கொடுத்த புராடக்ட் கீ செல்லாது.’ கூடவே, படித்தால் எதுவும் புரியாத ஒரு பிழை எண்.

அடுத்து பெரும்பாலானோர் செய்வது மூன்றில் ஒன்றாக இருக்கும். சிலர் தெருமுனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ‘ஃபார்மேட் போட்டுக் கொடுங்க’ என்கிறார்கள். சிலர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீ ஒன்றை வாங்குகிறார்கள். இன்னும் சிலர் கூகுளில் தேடிக் கிடைத்த ‘ஹெல்ப்லைன்’ எண்ணுக்கு போன் செய்கிறார்கள். முதலாவதில் குழந்தைகளின் போட்டோக்கள் போகலாம். இரண்டாவதில் பணம் போகலாம். மூன்றாவதில் பேங்க் பேலன்ஸே போகலாம்.

இத்தனைக்கும், இந்தப் பிழைகளில் பல, கீ தவறு என்பதால் வருபவை அல்ல. கீ சரியாகத்தான் இருக்கும். அது அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். எங்கே பொருந்தவில்லை என்று தெரிந்துவிட்டால், பாதிப் பிரச்னைகளை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

பதற்றம் வேண்டாம்... ஃபைல்கள் பத்திரம்!

முதலில் ஒரு நிம்மதியான விஷயம். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை என்பதற்காக உங்கள் ஃபைல்கள் எதுவும் அழியாது. கம்ப்யூட்டரும் பூட்டிக்கொள்ளாது. திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக ஓர் எழுத்து நிற்கும். செட்டிங்ஸில் போய் வால்பேப்பர், நிறம், தீம் போன்றவற்றை மாற்ற முடியாது. மற்றபடி வேர்டு ஃபைல் திறக்கும், பிரவுசர் ஓடும், பிரிண்டர் வேலை செய்யும்.

எனவே, இன்றே இப்போதே எதையாவது செய்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. கிடைத்திருக்கும் அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒரு நகல் எடுத்து வைப்பது. பிறகுதான் மற்றதெல்லாம்.

கீ கேட்கவே வேண்டாத இடம்!

ஒழுங்காக ஆக்டிவேட் ஆகியிருக்கும் விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு மாறுவது இலவசம். ஹோம் வைத்திருந்தால் ஹோம், புரோ வைத்திருந்தால் புரோ என்று அதே வகைக்கு மாறும்வரை, புதிதாகக் கீ எதுவும் வாங்க வேண்டியதில்லை. இது தெரியாமல்தான் பலர் பணம் கொடுத்துக் கீ வாங்குகிறார்கள்.

புராடக்ட் கீ என்பது, ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதப்படும் 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு கோவை. விண்டோஸ் 7 காலத்தில் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அது இருக்கும். விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு, லேப்டாப் நிறுவனங்கள் அந்தக் கீயை மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே பதித்துவிட ஆரம்பித்தன. இப்போது வரும் லேப்டாப்களில் விண்டோஸ் ஸ்டிக்கர் இருக்கலாம்; ஆனால் அதில் கீ இருக்காது. ‘ஸ்டிக்கரில் நம்பரே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று நினைக்க வேண்டாம். கீ உள்ளேதான் இருக்கிறது.

விண்டோஸ் 10 வந்த பிறகு இன்னொரு முறையும் சேர்ந்துகொண்டது. அதன் பெயர் டிஜிட்டல் லைசென்ஸ். ‘இந்த மெஷினில் இந்த விண்டோஸுக்கு அனுமதி உண்டு’ என்று மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் பதிவாகிவிடும். அதே கம்ப்யூட்டரில் மீண்டும் விண்டோஸ் போடும்போது, கீ கேட்கும் திரையில் ‘ஐ டோன்ட் ஹேவ் எ புராடக்ட் கீ’ என்பதைத் தேர்ந்தெடுத்துத் தாண்டிப் போனால் போதும். முடிந்ததும் இன்டர்நெட்டில் இணைந்தவுடன் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஆனால், இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாம் பொருந்த வேண்டும்.

மூன்று பொருத்தம்!

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். விண்டோஸுக்கு மூன்று போதும். ஒன்று, எடிஷன். இரண்டு, மெஷின். மூன்று, லைசென்ஸின் வகை. புராடக்ட் கீ பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்று பொருந்தாததால் வருபவை.

முதலில் ‘செட்டிங்ஸ்’ போய், ‘சிஸ்டம்’, அதற்குள் ‘ஆக்டிவேஷன்’ என்ற இடத்தைத் திறந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10 என்றால் ‘அப்டேட் அண்டு செக்யூரிட்டி’க்குள் ‘ஆக்டிவேஷன்’ இருக்கும். எந்த எடிஷன், ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, இல்லையென்றால் எந்தப் பிழை எண் என்ற மூன்று தகவலும் அங்கேயே இருக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிழை எண்கள் எல்லாமே ‘0எக்ஸ்’ என்று தொடங்கும். படிக்க எளிதாக இருக்க, கீழே அதற்குப் பிறகு வரும் பகுதி மட்டும் தரப்பட்டிருக்கிறது.

1. எடிஷன் பொருத்தம்: ஹோமா, புரோவா, சிங்கிள் லாங்குவேஜா?

நம் ஊரில் அதிகம் பேர் சிக்கும் இடம் இதுதான். இந்தியாவில் விற்கப்படும் வீட்டு உபயோக லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது வெறும் ‘ஹோம்’ அல்ல, ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. பெயரில் இரண்டு வார்த்தைதான் கூடுதல். ஆனால், மைக்ரோசாஃப்ட்டைப் பொறுத்தவரை அது தனி எடிஷன், அதற்குத் தனி லைசென்ஸ்.

லேப்டாப்பில் பதிந்திருப்பது சிங்கிள் லாங்குவேஜ் கீ. ஆனால், எப்போதோ ரிப்பேருக்குப் போனபோது கடைக்காரர் ‘புரோ’ போட்டுக் கொடுத்துவிட்டார். அது இத்தனை நாளும் ஏதோ ஓர் ஆக்டிவேட்டர் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது விண்டோஸ் 11-க்கு மாறினால், புரோவிலிருந்து புரோவுக்குத்தான் மாறும். புரோவுக்கு இந்த லேப்டாப்பில் லைசென்ஸ் இல்லை. உடனே பிழை வந்துவிடுகிறது.

‘சி004எஃப்212’ என்று வந்தால், இன்ஸ்டால் செய்த எடிஷனும் உங்களிடம் இருக்கும் லைசென்ஸின் எடிஷனும் வேறு வேறு என்று அர்த்தம். ‘சி004எஃப்034’, ‘சி004எஃப்210’ போன்றவை, கீ தவறு அல்லது வேறு வகை விண்டோஸுக்கான கீ என்பதைச் சொல்பவை.

தீர்வு என்ன? ஹோமிலிருந்து புரோவுக்குக் கீ போட்டு ஏறலாம். புரோவிலிருந்து ஹோமுக்குக் கீ போட்டு இறங்க முடியாது. சரியான எடிஷனைப் புதிதாக இன்ஸ்டால்தான் செய்ய வேண்டும். அதனால்தான் முதலில் ஃபைல்களை நகல் எடுக்கச் சொன்னது. விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே டவுன்லோடு செய்து பென் டிரைவில் ஏற்றிப் போடும்போது, மதர்போர்டில் கீ பதிந்திருந்தால் சரியான எடிஷனை அதுவே எடுத்துக்கொள்ளும். எடிஷன் பட்டியல் காட்டிக் கேட்டால், லேப்டாப் வாங்கியபோது எது இருந்ததோ அதைத் தேர்ந்தெடுங்கள். வாங்கிய பில்லிலோ, அட்டைப் பெட்டியின் லேபிளிலோ அந்த விவரம் இருக்க வாய்ப்பு அதிகம்.

காசு கொடுத்து முறையாகப் புரோ கீ வாங்கியவர்களுக்கும் சில நேரம் ‘803எஃப்ஏ067’ என்ற பிழை வரும். மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் இதற்காகவே ஒரு பொதுக் கீயைக் கொடுத்திருக்கிறது. அதைப் போட்டால் எடிஷன் மட்டும் புரோவுக்கு மாறும், ஆக்டிவேட் ஆகாது. மாறிய பிறகு, வாங்கிய சொந்தக் கீயைப் போட வேண்டும். இந்தப் பொதுக் கீயைத்தான் சிலர் ‘இலவச விண்டோஸ் கீ’ என்று வீடியோ போட்டுப் பரப்புகிறார்கள். அதை மட்டும் வைத்து ஆக்டிவேட் செய்ய முடியாது.

2. மெஷின் பொருத்தம்: மதர்போர்டு மாறினால் ஆளே மாறியது போல!

டிஜிட்டல் லைசென்ஸ் என்பது மெஷினோடு கட்டப்பட்ட தாலி. ரேம் சேர்த்தாலோ, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டாலோ பொதுவாகப் பிரச்னை வராது. ஆனால், மதர்போர்டு மாறினால் ‘இது அந்தக் கம்ப்யூட்டரே இல்லை’ என்று சர்வர் முடிவுகட்டிவிடும். அப்போது வரும் எண்கள் ‘சி004எஃப்211’ அல்லது ‘803எஃப்7001’.

இதற்கு ஒரு வழி உண்டு. ஆனால், அது மதர்போர்டு மாற்றுவதற்கு முன்பே செய்து வைத்திருக்க வேண்டிய வேலை. ஆக்டிவேஷன் பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. சேர்த்துவிட்டால், ‘உங்கள் அக்கவுன்ட்டோடு இணைக்கப்பட்ட டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று காட்டும். பிறகு ஹார்டுவேர் மாறி ஆக்டிவேஷன் போனாலும், ‘ட்ரபுள்ஷூட்’ அழுத்தி, ‘சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்று ஆங்கிலத்தில் வரும் வரியைத் தேர்ந்தெடுத்து, அதே அக்கவுன்ட்டில் நுழைந்து, பட்டியலில் உங்கள் கம்ப்யூட்டரைக் காட்டினால் மீண்டும் ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. இன்றே செய்துவைப்பது நல்லது.

ஆனால், எல்லா லைசென்ஸும் இப்படிப் புது போர்டுக்கு வராது. லேப்டாப்போடு சேர்ந்து வந்த லைசென்ஸ் அந்த லேப்டாப்போடு முடிந்தது. வாரன்ட்டியில் மதர்போர்டை மாற்றித் தந்தது லேப்டாப் நிறுவனமே என்றால், ஆக்டிவேஷன் பிரச்னையையும் அவர்களிடமே சொல்லுங்கள். சரிசெய்து தர வேண்டியது அவர்கள்தான்.

இரண்டு ‘கீ’யைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்!

இந்த இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. மதர்போர்டு மாற்றிய பிறகோ, பயாஸ் செட்டிங்ஸில் கைவைத்த பிறகோ, சில கம்ப்யூட்டர்கள் நீல நிறத் திரையில் நின்று ஒரு ‘ரெக்கவரி கீ’ கேட்கும். அது புராடக்ட் கீ அல்ல. அதன் பெயர் பிட்லாக்கர் ரெக்கவரி கீ. புராடக்ட் கீயில் எழுத்தும் எண்ணுமாக 25 இருக்கும். இதில் 48 இலக்கங்கள், எல்லாமே எண்கள்.

விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு நுழையும்போது, பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டு போட்டுக்கொள்கிறது. திருடு போனாலும் யாரும் ஃபைல்களைப் படிக்க முடியாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. புராடக்ட் கீ இல்லாவிட்டால் வால்பேப்பர் மாற்ற முடியாது, அவ்வளவே. ஆனால், இந்த ரெக்கவரி கீ இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபைல்களை மைக்ரோசாஃப்ட்டே நினைத்தாலும் மீட்டுத் தர முடியாது.

போனிலேயே உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் பார்த்தால் அந்த 48 இலக்க எண் சேமிக்கப்பட்டிருக்கும். அப்கிரேட் தொடங்கும் முன் அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். பலருக்கு அந்த அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டே ஞாபகம் இருப்பதில்லை. லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் உருவாக்கிக் கொடுத்த அக்கவுன்ட் என்றால் இன்னும் சிக்கல். எனவே, பாஸ்வேர்டையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

3. லைசென்ஸ் வகைப் பொருத்தம்: ஆபீஸ் லேப்டாப் வீட்டுக்கு வந்த கதை

விண்டோஸ் லைசென்ஸில் முக்கியமாக மூன்று வகை. தனியாகக் கடையில் வாங்குவது ரீடெய்ல். இதைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான். லேப்டாப்போடு சேர்ந்து வருவது ஓ.இ.எம். அது அந்த மெஷினுக்கு மட்டும். கம்பெனிகள், கல்லூரிகள் மொத்தமாக வாங்குவது வால்யூம் லைசென்ஸ். இது தனி ஆளுக்கானது அல்ல.

ரீடெய்ல் கீயை இரண்டாவது கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தால் ‘சி004சி008’ வரும். கீ ஏற்கெனவே வேறு இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் செகண்ட் ஹேண்டு லேப்டாப் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது மூன்றாவது வகை. ஐ.டி கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்கள் நல்ல தரத்தில், குறைந்த விலையில் கிடைக்கும். வாங்கும்போது ஆக்டிவேட் ஆகித்தான் இருக்கும். ஆனால், வால்யூம் லைசென்ஸில் ஒரு முறையில், அந்தக் கம்பெனியின் சர்வரோடு தொடர்புகொண்டு 180 நாள்களுக்குள் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த லேப்டாப்புக்கு அந்த சர்வர் எங்கே கிடைக்கும்? சில மாதங்களில், ‘நல்லாத்தான இருந்துச்சு’ என்று சொல்லும்படி ஆக்டிவேஷன் போய்விடும். ‘சி004எஃப்074’, ‘8007007பி’ போன்ற எண்கள் இந்த வகையைக் காட்டுபவை.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில், ஆங்கில எழுத்துகளில் ‘எஸ்எல்எம்ஜிஆர்.விபிஎஸ்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடு ஒன்று போட்டு, அதை ஒட்டி ‘டிஎல்ஐ’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடிகளில் வரும் தகவலில் ரீடெய்ல், ஓ.இ.எம், வால்யூம் என்ற மூன்று வார்த்தைகளில் ஒன்று இருக்கும். கடைசி மூன்று எழுத்துக்குப் பதில் ‘எக்ஸ்பிஆர்’ என்று அடித்தால், ஆக்டிவேஷன் நிரந்தரமானதா, எந்தத் தேதியில் முடியும் என்பதைக் காட்டிவிடும். செகண்ட் ஹேண்டு லேப்டாப் என்றால், காசு கொடுக்கும் முன் கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

வால்யூம் என்று வந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். கம்பெனிகள் வாங்கும் லேப்டாப்கள் பலவற்றில், தயாரிப்பாளர் பதித்த புரோ கீ மதர்போர்டிலேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்த விண்டோஸைப் புதிதாகப் போட்டால், அந்தக் கீயிலேயே ஆக்டிவேட் ஆக வாய்ப்பு இருக்கிறது. காசு செலவழிக்கும் முன் முயன்று பார்க்க வேண்டிய வழி.

விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இனி செல்லுமா?

‘அடியில் ஸ்டிக்கர் இருக்கே, அந்த நம்பரைப் போட்டால் வேலை செய்யும்னு சொன்னாங்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. சொன்னது உண்மைதான், ஆனால் அது பழைய கதை. விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29-ல். விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்கள் ஒரு வருடத்துக்குள் இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2016 ஜூலை 29-ல் சலுகை முடிந்தாலும், பழைய கீயை ஏற்கும் வழி திறந்தே இருந்தது. 2023 செப்டம்பரில் அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே மாறி டிஜிட்டல் லைசென்ஸ் பெற்றவர்களுக்குப் பாதிப்பு இல்லை. இனிமேல் விண்டோஸ் 7 கீயைப் புதிதாகப் போட்டு விண்டோஸ் 11-ஐ ஆக்டிவேட் செய்யலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

0 போட்டீர்களா? அது கீயிலேயே கிடையாது!

கீயைப் பார்த்து அடிக்கும்போது வரும் தவறுகளும் உண்டு. ‘சி004எஃப்050’ வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். விண்டோஸ் கீயில் 0, 1, 5 என்ற மூன்று எண்களும் வராது. ஏ, ஈ, ஐ, எல், ஓ, எஸ், யு, இஸட் ஆகிய ஆங்கில எழுத்துகளும் வராது. ஒன்றுபோல இன்னொன்று தெரிந்து குழப்பக் கூடாது என்பதற்காகப் பலவற்றை விட்டுவிட்டார்கள்.

எனவே, மங்கிப்போன ஸ்டிக்கரில் ‘0-வா, ஓ-வா’ என்று சந்தேகம் வந்தால், இரண்டுமே இல்லை. அது டி அல்லது கியூவாக இருக்கலாம். 5 மாதிரித் தெரிவது எஸ் ஆகவும் இருக்காது. 6 அல்லது ஜி-யாக இருக்கலாம். 8-ம் பி-யும் மட்டும் கவனம், இரண்டுமே கீயில் உண்டு.

வாட்ச் பேட்டரி போன்ற ஒன்று செய்யும் வேலை

கீ, எடிஷன், மெஷின் எல்லாம் சரியாக இருந்தும் ‘80072எஃப்8எஃப்’ என்று வருகிறதா? வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி இருந்தால், பிரச்னை அங்கேதான். தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது.

தேதியைச் சரிசெய்துவிட்டு மீண்டும் முயன்றால் ஆக்டிவேட் ஆகிவிடும். ஒவ்வொரு முறை ஆஃப் செய்து ஆன் செய்யும்போதும் தேதி பின்னால் போகிறது என்றால், மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற, நாணயம் போன்ற சின்ன பேட்டரி. அதை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு. இதற்காக ஃபார்மேட் போட்டவர்களும் இருக்கிறார்கள்!

இன்டர்நெட் இல்லாதது, வி.பி.என் ஓடிக்கொண்டிருப்பது, சர்வர் பிஸியாக இருப்பது போன்றவையும் காரணமாகலாம். இணைப்பைச் சரிபார்த்துவிட்டு, சில மணி நேரம் கழித்து ‘ட்ரபுள்ஷூட்’ அழுத்திப் பாருங்கள்.

சில நூறு ரூபாய் கீ... ஏன் ஆபத்து?

மலிவாக விற்கப்படும் கீகளில் பல, கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்ட வால்யூம் கீகளிலிருந்து பிரித்து விற்கப்படுபவை. வாங்கிய அன்று வேலை செய்யும். எல்லை தாண்டிப் பயன்படுத்தப்படுவது தெரிந்ததும் மைக்ரோசாஃப்ட் அதைத் தடுத்துவிடும். அப்போது வருவதுதான் ‘சி004சி003’. விற்றவர் இன்னொரு கீ கொடுக்கலாம், அல்லது போனை எடுக்காமலேயே போகலாம். பில் இல்லாமல் யாரிடம் கேட்பது?

‘ஆக்டிவேட்டர்’ என்று இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர் இதைவிட மோசம். ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிடுங்கள்’ என்பதுதான் அது சொல்லும் முதல் வேலை. வீட்டுக் காவலாளியை அனுப்பிவிட்டு, முகம் தெரியாதவரை உள்ளே விடுவதற்குச் சமம். அதே கம்ப்யூட்டரில்தான் நெட் பேங்கிங் செய்கிறோம், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறோம்.

மூன்றாவது ஆபத்து, போலி ஹெல்ப்லைன். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்திகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. நம்பரோடு ஒரு செய்தி திரையை அடைத்துக்கொண்டு நின்றால், அது மோசடி. ‘நாங்களே சரிசெய்கிறோம், இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க’ என்று கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கேட்பவரிடம் ஒரு நொடிகூடப் பேச வேண்டாம். பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

விண்டோஸ் 11 ஏறவே ஏறாத கம்ப்யூட்டர் என்றால்?

சில கம்ப்யூட்டர்களில் பிரச்னை கீ அல்ல, வயது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி ரேம், 64 ஜி.பி இடம், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் ஏற்கும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வாங்கிய லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் பரணில் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தக் கீ வாங்கினாலும் விண்டோஸ் 11 முறையாகப் பொருந்தாது. மைக்ரோசாஃப்ட்டின் இலவச ‘பி.சி ஹெல்த் செக்’ ஆப், உங்கள் கம்ப்யூட்டர் தேறுமா என்பதைச் சொல்லிவிடும்.

தேறாவிட்டாலும், ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 (22எச்2 பதிப்பு) வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் ‘என்ரோல்’ என்று வரும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் இது இலவசம். இன்னும் பழைய கம்ப்யூட்டர் என்றால், கீயே கேட்காத லினக்ஸ் இருக்கவே இருக்கிறது. பிரவுசர், யூடியூப், டைப்பிங் என்ற அளவில் பயன்படுத்துபவர்களுக்கு அது தாராளமாகப் போதும்.

அப்கிரேட் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

1. முக்கியமான ஃபைல்களை வெளியே நகல் எடுங்கள்.

2. இப்போது இருக்கும் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, எந்த எடிஷன் என்று பார்த்து, போட்டோ எடுத்து வையுங்கள்.

3. ஆக்டிவேஷன் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டை இணைத்து, பாஸ்வேர்டையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

4. பிட்லாக்கரின் 48 இலக்க எண்ணை எழுதி வையுங்கள்.

5. தேதி, நேரம் சரியா என்று பாருங்கள்.

6. முடிந்தவரை ‘விண்டோஸ் அப்டேட்’ வழியாகவே மாறுங்கள். எடிஷன் குழப்பம் வராது. பிடிக்கவில்லை என்றால், 10 நாள்களுக்குள் ‘ரெக்கவரி’ பகுதியில் ‘கோ பேக்’ கொடுத்துப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம்.

7. பிழை வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்தப் பொருத்தம் இடிக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்து முடியாமல் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், தாராளமாகப் போங்கள். நல்ல மெக்கானிக்குகள் ஊரெங்கும் இருக்கிறார்கள். ஆனால், லேப்டாப்பைக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ‘இதில் பதிந்திருக்கும் கீ எந்த எடிஷனுக்கானது? நீங்கள் போடப்போவது அதே எடிஷன்தானா? ஆக்டிவேஷன் நிரந்தரமா, ஆக்டிவேட்டரா?’ விஷயம் தெரிந்தவர் மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்வார். ‘அதெல்லாம் எதுக்கு சார், ஃபார்மேட் போட்டா எல்லாம் சரியாயிடும்’ என்று பதில் வந்தால், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.